ரோபோ சிரிக்கவே கூடாது: பகடிச் சித்திரக்கதை போடும் தம்பிக்கு

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரி ஆண்டு மலருக்காக நண்பர்களோடு சேர்ந்து 16 பக்கத்தில் ஒரு சித்திரக்கதை போடுகிறார்களாம். அறிவியல் புனைகதைகளில் வரும் ரோபோக்களைப் பகடி செய்ய வேண்டும் என்பது எண்ணம். கதை இதுதான்: விண்வெளியிலிருந்து ஒரு ரோபோ தருமபுரி பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறது. ஊரே அலறி ஓடுகிறது. ரோபோ வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். "வரைந்து முடித்துப் படித்துப் பார்த்தால் எங்களுக்கே சிரிப்பு வரவில்லை. எங்கே தப்பு? மற்றவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறார்.

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். வழுக்கி விழ ரோபோ தேவையில்லை. அந்த இடத்தில் கண்டக்டர் விழுந்தாலும் அதே சிரிப்புதான். ரோபோவால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு கோளாறு உங்கள் கதையில் இல்லை. ரோபோவுக்கு உயிர்நாடி அதற்குக் கொடுத்திருக்கும் விதி. அந்த விதியை அது ஓர் எழுத்துகூடப் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. நம் உலகமோ எந்த விதிக்கும் அடங்காமல் இருக்கிறது. இரண்டும் மோதும் இடத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. ரோபோ முட்டாளாக இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு புத்திசாலியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது.

இதற்கு மூலக்கதையே வழி காட்டியிருக்கிறது. ரோபோவுக்கான மூன்று விதிகளை ஐசக் அசிமோவ் முதன்முதலில் முழுசாக எழுதிவைத்தது 1942-ல் வந்த 'ரன்அரவுண்ட்' சிறுகதையில். ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு நடக்கும்போது கைகட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. முதல் விதி மீறப்படாத வரை மனிதன் சொன்னதைக் கேட்க வேண்டும். இந்த இரண்டும் மீறப்படாத வரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். கதை நடப்பது புதன் கிரகத்தில். செலினியம் எடுத்து வா என்று ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். அனுப்பியவர் போகிற போக்கில் சொன்னதால் கட்டளைக்கு வலு கம்மி. ஸ்பீடி விலை அதிகமான மாடல் என்பதால் தன்னைக் காத்துக்கொள்ளும் விதியை அதற்குக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்கள். செலினியம் குட்டையை நெருங்கினால் ஆபத்து, பின்வாங்கினால் கட்டளை இழுக்கிறது. இரண்டும் சமமாகிற தூரத்தில் அது குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்துவிடுகிறது, குடித்தவனைப் போலப் பாட்டுப் பாடிக்கொண்டே. கடைசியில் பவல் என்பவர் வெயிலில் இறங்கித் தன் உயிரையே ஆபத்தில் வைக்கிறார். முதல் விதி விழித்துக்கொள்கிறது, ஸ்பீடி ஓடி வந்து காப்பாற்றுகிறது.

கவனித்தீர்களா, இது முழுக்க முழுக்க உயிர் போகிற கதை. ஆனாலும் அந்த ஓட்டத்தை நினைத்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது இதே கணக்கை நம்ம ஊருக்குக் கொண்டுவருவது மட்டும்தான்.

ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசல் ஓட்ட ஒரு ரோபோ வந்திருக்கிறது. பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து எத்தனை கன அடி என்று அதற்கு நேரடியாகத் தெரியும். இத்தனைக்கு மேல் போனால் பரிசல் இயக்கத் தடை என்பதும் தெரியும். அன்றைக்குத் தடை இல்லை. ஒரு குடும்பம் ஏறுகிறது, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டியாகிவிட்டது. முதல் கட்டத்தில் பையன், "அண்ணா, பரிசலைச் சுத்துங்கண்ணா" என்கிறான். கட்டளை; ரோபோ சுற்றுகிறது. அடுத்த கட்டத்தில் அம்மா, "ஐயோ, நிறுத்துங்க, தலை சுத்துது" என்கிறார். கட்டளை, நிறுத்துகிறது. மாமா, "இவ்ளோ தூரம் வந்துட்டு அருவிகிட்டப் போகலன்னா எப்படி?" என்கிறார். போகிறது. அருவியை நெருங்கியதும் முதல் விதி பின்னால் தள்ளுகிறது. மாமா மறுபடி சத்தம் போடுகிறார், மறுபடி முன்னால் வருகிறது. அதற்குள் பையன் மறுபடி சுற்றச் சொல்கிறான். அரைப் பக்கத்துக்கு ஒரே பெரிய கட்டம் போட்டு, மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வரையுங்கள். வட்டப் பரிசல், அது சுற்றும் கோடுகள், கரையும் இல்லாமல் அருவியும் இல்லாமல் நடு ஆற்றில். ரோபோவின் முகம் கல் மாதிரி. குடும்பத்தின் முகம் ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

இப்போது இதிலிருந்து மீட்பது யார்? விஞ்ஞானி வரக் கூடாது. அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த பாட்டி வாயைத் திறக்கிறார்: "மணி ஒண்ணு ஆச்சு. என் சர்க்கரை மாத்திரை கரையில பையில இருக்கு." அவ்வளவுதான். மாத்திரை போடாவிட்டால் மனிதருக்குத் தீங்கு, சும்மா இருந்தால் விதிமீறல். பையனின் கட்டளை, மாமாவின் கட்டளை எல்லாம் அடிபட்டுப் போய்ப் பரிசல் அம்பு மாதிரி கரைக்குப் பாய்கிறது. கரையில் இறங்கிய பாட்டி ரோபோவின் தோளைத் தட்டிவிட்டு, மாத்திரையைத் தேடாமல் நேராக மீன் வறுக்கும் கடைக்குப் போகிறார். ரோபோவின் விதியை மற்ற எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்பது வாசகருக்கு அங்கே புரிய வேண்டும். விளக்கம் எழுதிக் கெடுத்துவிடாதீர்கள்.

அடுத்த உதாரணம் பிரிட்டனிலிருந்து. '2000 ஏடி' என்ற வார இதழில் 1978-ல் 'ரோபோ ஹன்டர்' என்று ஒரு தொடர் வந்தது. ஜான் வாக்னர் எழுத, இயன் கிப்சன் வரைந்தார். மனிதர்கள் குடியேறுவதற்காக வெர்டஸ் என்ற கிரகத்தைத் தயார் செய்ய ரோபோக்களை முன்கூட்டியே அனுப்புகிறார்கள். மனிதன் உங்களைவிட உயர்ந்தவன், அவனுக்குப் பணி செய்யுங்கள் என்பது அவற்றுக்குச் சொன்ன பாடம். நிஜ மனிதர்கள் வந்து இறங்குகிறார்கள். பார்த்தால் பலவீனமாக இருக்கிறார்கள், அறிவும் மட்டு. இவர்கள் எப்படி நம்மைவிட உயர்ந்தவர்களாக இருக்க முடியும்? ஆகவே இவர்கள் மனிதர்களே இல்லை, போலிகள் என்று முடிவுகட்டிச் சிறையில் போட்டுவிட்டு, உண்மையான மனிதர்கள் வருவார்கள் என்று பக்தியோடு காத்திருக்கின்றன ரோபோக்கள். என் கணக்கில் ரோபோப் பகடியில் இதற்கு மிஞ்சிய யோசனை கிடையாது. ரோபோ எந்த இடத்திலும் விதியை மீறவில்லை. மனிதனின் தற்பெருமையைத்தான் அது அப்படியே நம்பிவிட்டது.

இதைக் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் வைத்துப் பாருங்கள். பழம் தரம் பிரிக்க ஒரு ரோபோ. அதன் நினைவில் 'தரமான மாம்பழம்' என்று ஒரு படம் ஏற்றியிருக்கிறார்கள்: புள்ளி இல்லை, பால் கறை இல்லை, மஞ்சள் ஒரே சீர். லாரி லாரியாகப் பெங்களூரா ரக மாம்பழம் வந்து இறங்குகிறது. ஒன்றில் காம்புப் பக்கம் கறுப்பு, ஒன்றில் அணில் கடி, ஒன்று ஒரு பக்கம் மட்டும் பச்சை. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மாலையில் ரோபோ அறிக்கை கொடுக்கிறது: "கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழம் விளைவதில்லை." பிறகு மாம்பழம் தேடிக் கிளம்புகிறது. தோப்பு தோப்பாக அலைந்து, மரத்தடியில் நின்றே "இங்கும் இல்லை" என்று குறித்துக்கொள்கிறது. கடைசியில் ஊரில் வருஷா வருஷம் நடக்கும் மாங்கனிக் கண்காட்சிக்குள் நுழைகிறது. வாசலில் அலங்காரத்துக்குத் தொங்கவிட்ட பிளாஸ்டிக் மாம்பழத்தைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடுகிறது. நான்கு பக்கத்துக்கு இது தாராளமாகப் போதும்.

இப்போது உங்கள் பேருந்து நிலையக் காட்சி. அதில் எனக்கு உண்மையாகவே வருத்தமான ஒரு விஷயம், ஊரே அலறி ஓடுவது. ரோபோவைப் பார்த்தால் கிராமத்து ஆள் ஓடுவான் என்பது எங்கோ உட்கார்ந்துகொண்டு நம்மைத் தெரியாமல் எழுதுகிறவர்களின் கற்பனை. நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவராவது ஓசூர் கம்பெனி பஸ் ஏறுகிறார். வெல்டிங் அடிக்கும் ரோபோ கை வேலிக்குள்ளே நின்று வேலை செய்வதையும், வேலிக் கதவைத் திறந்தால் அது சட்டென்று நின்றுவிடுவதையும் தினம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்கு வந்தது 1961-ல். இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் அதன் பேரப்பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். போர்வெல் மோட்டார் நின்றால் நடுராத்திரியில் டார்ச் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைக் கழற்றுகிற ஊர் இது. ரோபோ வந்து இறங்கினால் இங்கே முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?" இரண்டாவது, "சர்வீஸுக்கு யார் வருவாங்க?" மூன்றாவது, "கரண்ட்டு எவ்ளோ இழுக்கும்?"

காட்சியை அப்படியே வைத்துக்கொண்டு இதை மட்டும் மாற்றுங்கள். ஆறு மாடி உயர ரோபோ இறங்குகிறது. கண்ணில் சிவப்பு விளக்கு. "பூமிவாசிகளே, சரணடையுங்கள்!" ஓசூரில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து இறங்கிய ஒரு பெண், தூக்கம் நிறைந்த கண்ணோடு அதைச் சுற்றி ஒரு நடை நடந்து வருகிறார். குதிகாலுக்குப் பின்னால் பெரிய சிவப்பு பொத்தான். எமர்ஜென்சி ஸ்டாப். அமுக்குகிறார், பென்னாகரம் பஸ் ஏறிப் போய்விடுகிறார். படையெடுப்பு மூன்றாம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. மீதிப் பக்கங்களில் அந்த ரோபோ அசையாமல் பேருந்து நிலையத்தில் நிற்கட்டும். ஒவ்வொரு காட்சிக்கும் பின்னணியில் அது தெரிய வேண்டும்: ஒரு கட்டத்தில் அதன் காலில் கல்யாண வாழ்த்துப் பேனர், இன்னொன்றில் முழங்காலில் செல்போன் ரீசார்ஜ் கடை, மற்றொன்றில் தோளில் காக்காய்க் கூடு.

பின்னணியில் இப்படிச் சின்னச் சின்னதாக நிரப்புவது அமெரிக்க 'மேட்' இதழ்க்காரர்கள் பிரமாதமாகச் செய்தது. ஹார்வி கர்ட்ஸ்மன் அந்தப் பகடி இதழை 1952-ல் தொடங்கினார். வில் எல்டர் என்ற ஓவியர் ஒவ்வொரு கட்டத்திலும் மூலை முடுக்கெல்லாம் துணுக்கு வைப்பார். ஒரு பக்கத்தை நான்கு முறை பார்க்கலாம். அங்கே பகடி வரைந்த வாலி வுட், அதே பதிப்பகத்தின் அறிவியல் புனைகதை இதழ்களுக்கு ராக்கெட்டும் விண்வெளி உடையும் அத்தனை சிரத்தையாக வரைந்துகொண்டிருந்தவர். பகடிக்கும் அதே சிரத்தை. உங்கள் ரோபோவும் ஒரு நிஜமான, நாலு பேர் பார்த்து மிரளுகிற ரோபோவாக வரையப்பட வேண்டும். கோணல்மாணலாக வரைந்தால் பகடி ஆகாது, அரைகுறையாகத்தான் தெரியும். பின்னணிக்கு நம் ஊரில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, போய் நேரில் பார்த்து வரையுங்கள். வில்லும் வாளுமாக நிற்கும் வீரர்களுக்கு நடுவே, தலையில் ஆன்டெனா வைத்த ஒரு நடுகல்லைச் சத்தமில்லாமல் சொருகிவிடலாம்.

ரோபோ ஏன் சிரிக்கவே கூடாது என்று தலைப்பில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் பார்த்திருப்பீர்கள். துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாகத் தன் பெருமையைப் பாடிக்கொண்டு வருவான். கட்டியங்காரன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்தல் போடுவான். ராஜா ஒரு இடத்திலும் சிரிக்க மாட்டான், கோபம்தான் படுவான். அவன் விறைப்பாக நிற்க நிற்கத்தான் கட்டியங்காரனின் பேச்சு எடுபடும். ராஜாவும் சேர்ந்து சிரித்துவிட்டால் கூத்து அங்கேயே படுத்துவிடும். உங்கள் கதையில் ரோபோதான் ராஜா. தான் வேடிக்கையானது என்பது அதற்குத் தெரியவே கூடாது. கட்டியங்காரன் வேலையை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த விறைப்புக்கு நம்மிடமே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1984-ல் சிவகாசியிலிருந்து தொடங்கிய லயன் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஆர்ச்சியைத் தெரியும். செல்லமாகச் 'சட்டித்தலையன்' என்பார்கள். பிரிட்டனில் 1952-ல் 'லயன்' இதழின் முதல் ஏட்டிலேயே வந்த ரோபோ அது. ஆரம்பத்தில் மனிதர்கள் தூரத்திலிருந்து இயக்கும் வெறும் இரும்பு ஆள்; பின்னால் பேச்சு வந்ததும் கூடவே வந்தது தற்பெருமை. என்னைப் போல உண்டா என்று அது அளக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் அது நிஜமாகவே நம்பும். அதனால்தான் அத்தனை வருஷம் கழித்தும் அதன் மேல் பிரியம் குறையவில்லை.

ஜப்பானில் அகிரா தொரியாமா 1980-ல் தொடங்கிய 'டாக்டர் ஸ்லம்ப்'பையும் தேடிப் படியுங்கள். அங்கே ரோபோ என்றால் ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய்: ஒரு லட்சம் குதிரைத்திறன், உலகத்தைக் காக்கும் பிள்ளை. தொரியாமாவின் அராலேயும் சின்னப் பெண் உருவத்தில் இருக்கும் பயங்கர பலசாலி ரோபோதான். ஆனால் அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். தரையில் ஒரு குத்து விட்டால் பூமி இரண்டாகப் பிளக்கிறது. அவளுக்கு அது ஒரு விளையாட்டு. தீமையை எதிர்க்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. ஒரே ஒரு குறையை வைத்து ஒரு வகைக் கதை முழுவதையும் தலைகீழாக்கிவிட்டார். பத்துக் குறை வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

ரோபோவின் குணத்தை எங்கிருந்து எடுப்பது என்று திணறினால், அதைச் செய்திருக்கும் உலோகத்திலிருந்து எடுங்கள். 1962-ல் அமெரிக்காவில் வந்த 'மெட்டல் மென்' கதைகளில் ஒவ்வொரு ரோபோவும் ஓர் உலோகம். ஈயம் மந்தம், தகரம் பயந்தாங்கொள்ளி. பாதரசம், அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் ஒரே உலோகம் தான்தான் என்று வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் பீற்றிக்கொள்ளும். நம் ஊரில் பித்தளை ரோபோ ஒன்றை வைத்துப் பாருங்கள். நாலு நாளில் கறுக்கும். புளி போட்டு விளக்கினால்தான் பளபளக்கும், புளியின் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும் என்பதால். ஆகவே அது விடிந்ததும் புளியமரம் தேடிப் போகும், தருமபுரிச் சாலையில் அதற்குப் பஞ்சமா? எவர்சில்வர் ரோபோ அதை ஏளனமாகப் பார்க்கும்.

பேச்சு நடை பற்றி ஒன்று. உங்கள் ரோபோ "நா-ன்-வ-ந்-து-ள்-ளே-ன்" என்று கோடு போட்டுப் பேசுகிறதாம். விட்டுவிடுங்கள், படிக்கக் கஷ்டம், சிரிப்பும் இல்லை. பத்திரப் பதிவுத் தமிழில் பேச விடுங்கள். "மேற்படி பரிசலில் மேற்படி நபர்கள் ஏறியமைக்கு" என்று அது ஆரம்பித்தாலே போதும். சுற்றியிருப்பவர்கள் நம் ஊர்ப் பேச்சில் பேச வேண்டும். ஓசூர்ப் பக்கம் ஒரு காட்சி வைத்தால், ஒரே வாக்கியத்தில் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய்க் கன்னடத்தில் முடிக்கிற ஒரு டீக்கடைக்காரரை வையுங்கள். எந்த மொழி என்று முடிவு செய்யாமல் பதில் சொல்லக் கூடாது என்பது ரோபோவின் விதி. டீ ஆறிவிடும்.

களி சாப்பாட்டுக் காட்சி ஒன்று நிச்சயம் வேண்டும். பரிமாறுவது ரோபோ. விருந்தாளி, "போதும்மா" என்கிறார். ரோபோ உடனே நிறுத்திவிடுகிறது. இரண்டாம் உருண்டை விழும் என்று உட்கார்ந்திருந்த விருந்தாளி, தட்டையும் ரோபோவையும் மாறி மாறிப் பார்க்கிறார். வீட்டுக்கார அம்மா பதறிப்போய், "யாராவது போதும்னு சொன்னா நிறுத்துவாங்களா?" என்று அதட்டுகிறார். ரோபோ பாடத்தைத் திருத்திக்கொள்கிறது. அதற்கு அடுத்த வீட்டில், நிஜமாகவே போதும் என்று சொன்ன ஒருவர் முன்னால் கழுத்தளவுக்குக் களி உருண்டை அடுக்கியிருக்கிறது. இதற்கு வசனம் எதுவும் வேண்டாம், படமே பேசும்.

16 பக்கத்தில் இத்தனையும் அடங்காது. பேருந்து நிலையம் மூன்று, பரிசல் ஐந்து, மாம்பழம் நான்கு, களி இரண்டு, மிச்சம் இரண்டை முடிவுக்கு வையுங்கள். முடிவில் சண்டை வேண்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள், மாபெரும் ரோபோக் கதை என்றால் அது இருந்தே தீரும். சரி, வையுங்கள். ஆனால் பேருந்து நிலையத்து ரோபோவைப் பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனைப் போல வயலில் நீட்டிப் படுக்கவைத்து, இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படமாகப் போடுங்கள். ஓசூர் ஷிஃப்ட் பெண் அதன் தொடைமேல் ஏறி நின்று, கையில் ஸ்பேனரோடு, எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது என்று பார்க்கட்டும்.

இன்னொரு வேலை, வரைவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது. தமிழ்ச் சொற்கள் நீளம், அதிலும் "மேற்படி நபர்கள் ஏறியமைக்கு" எல்லாம் ஒரு குமிழையே தின்றுவிடும். படத்தை முடித்துவிட்டு வசனத்தைத் திணித்தால் ரோபோவின் தலை மறைந்துபோகும். முதலில் வசனத்தைக் கையால் எழுதி, மலரில் அச்சாகும் அளவுக்கே வெட்டி, வெற்றுக் கட்டத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒரு குமிழில் மூன்று வரிக்கு மேல் போனால் வசனத்தைக் குறையுங்கள். மிச்சமிருக்கும் இடத்தில்தான் ரோபோவை வரையத் தொடங்க வேண்டும்.